இதை யாரு சார் பிரிப்பாங்க?

ஒரே வகைப் பிளாஸ்டிக்கில் மிளகாய்த்தூள் பவுச் செய்ய நான் ஒப்புதல் கொடுத்தது சரிதான் என்றே இன்றும் வாதாடுவேன். ஆனாலும் சோதனை ஓட்டத்தில் ஆபரேட்டர் கேட்ட கேள்வி மனதை விட்டுப் போகவில்லை.

பழைய 100 கிராம் மிளகாய்த்தூள் பவுச்சில் மூன்று அடுக்கு. வெளியே 12 மைக்ரான் பெட் (PET, தண்ணீர் பாட்டில் செய்யும் பிளாஸ்டிக்), நடுவே 12 மைக்ரான் மெட்டலைஸ்டு, அதாவது உலோகம் பூசிய பெட், உள்ளே 50 மைக்ரான் பாலிஎதிலீன். பெட் உருக 250 டிகிரி வேண்டும். பாலிஎதிலீன் 110-லேயே இளகத் தொடங்கும். ஒட்டிவிட்ட பிறகு இரண்டையும் பிரிக்க நடைமுறையில் வழியில்லை, சேர்த்து உருக்கினாலும் உருப்படாது. சிமென்ட் சூளைக்கு எரிபொருளாகப் போகும், இல்லையேல் குப்பைமேட்டுக்கு. புதியதில் வெளியே 25 மைக்ரான் இழுத்து விறைப்பாக்கிய பாலிஎதிலீன், உள்ளே 60 மைக்ரான் பாலிஎதிலீன், வாசம் போகாமலிருக்க அதற்குள் ஈவிஓஎச் (EVOH) என்ற வேறு பிளாஸ்டிக்கில் மெல்லிய அடுக்கு. அந்த அடுக்கு மொத்த எடையில் 5 சதவீதத்தைத் தாண்டாதவரை மறுசுழற்சிக்குப் பெரிய இடைஞ்சல் இல்லை.

மெஷினில் ஏற்றியதும்தான் வேலை ஆரம்பித்தது. பழைய பவுச்சில், சூட்டோடு அழுத்திச் சீல் போடும் ஜா (தாடை) 160 டிகிரியில் ஓடினாலும் வெளியே உள்ள பெட் அசையாது. புதிய ஃபிலிமில் வெளி அடுக்கே 130 பக்கம் உருகும். பழைய செட்டிங்கில் ஓட்டினால் ஜாவில் ஒட்டிச் சுருங்கி, சீல் வரிசை அப்பளம் மாதிரி நெளிகிறது. ஜாவுக்கு டெஃப்லான் துணி மாட்டி, சூட்டை 120 பக்கம் இறக்கி, அழுத்தும் நேரத்தைக் கூட்ட வேண்டும். நேரம் கூடினால் வேகம் குறையும். மிளகாய்த்தூளோ சும்மா இருக்காது. தூளை அளந்து கொட்டும் திருகான ஆகரிலிருந்து விழும்போது எழும் தூசி, ஃபிலிமின் நிலைமின்னில் இழுபட்டுச் சீல் இடத்தில் படியும். அதிகச் சூட்டில் உருகி வழியும் பாலிஎதிலீன் அந்தத் தூளை விழுங்கிவிடும். குறைந்த சூட்டில் விழுங்காது, மயிரிழை வழி விட்டுவிடும். கசிவு பார்க்கத் தண்ணீரில் மூழ்கடித்து வெற்றிடம் இழுத்தால் அங்கேதான் குமிழ் வரும்.

குமிழ் வந்த பவுச்சுகள் கூடையில் சேர்ந்துகொண்டே இருந்தன. ஆபரேட்டர் ஒன்றை எடுத்துக் காட்டினார்.

“சார், இதுவும் குப்பைதானே?”

“செட்டிங் சரியானா நின்னுடும்ணே. இது மறுசுழற்சிக்குப் போற பவுச்.”

“போறது சரி. தெருவுல கிடக்கறப்ப இதை யாரு சார் பிரிப்பாங்க?”

“வசதி வர்றப்ப பவுச் தயாரா இருக்கணும்ல?” என்றேன். பொய்யில்லை. ஆனால் கணக்கு அவர் பக்கம்தான். 12 சென்டிமீட்டர் அகலம், 17 உயரம், இரு பக்கம். புதிய ஃபிலிம் சதுர மீட்டருக்கு 83 கிராம் என்றால் ஒரு பவுச் சுமார் 3.4 கிராம். ஒரு கிலோ சேர கிட்டத்தட்ட 295 பவுச் பொறுக்க வேண்டும், அதுவும் எண்ணெய்க்கறையோடு. பெட் பாட்டில் கிடக்கும்போது யார் இதற்குக் குனிவார்கள்? பால் கவருக்கு விலை கிடைக்கிறதென்றால், அது வீட்டிலேயே கழுவிச் சேர்த்து வைக்கப்படுவதால்.

என் பக்கமும் நியாயம் உண்டு. தொழிற்சாலையில் வெட்டி எறியும் ஓரத்துண்டு இப்போது ஒரே இனம். குருணையாக்குபவர் காசு கொடுத்து எடுக்கிறார். மை ஏறியது என்பதால் சாம்பல் நிறக் குப்பைப் பை அளவுக்குத்தான் ஆகும், போகட்டும். ஆனால் தூள் ஒட்டிய ரிஜெக்ட்டை அவரும் தொடமாட்டார், உருக்கினால் நெடி ஆளைத் தூக்கும்.  

இன்னொன்றும் உறுத்துகிறது. பழைய ஃபிலிம் சதுர மீட்டருக்கு 85 கிராம், புதியது 83. இரண்டே கிராம்தான் குறைவு. பவுச்சின் உயரத்தில் ஒரு சென்டிமீட்டரைக் குறைத்தாலே பவுச்சுக்கு 0.2 கிராம், லட்சம் பவுச்சுக்கு 20 கிலோ மிச்சம். யாரும் பொறுக்காவிட்டாலும் அது மிச்சம்தான். தூளை ஆட்டி அமர்த்த ஒரு வைப்ரேட்டரும், அச்சு சிலிண்டரில் கண்குறி (எங்கே வெட்ட வேண்டும் என்று மெஷினுக்குக் காட்டும் குறி) இடைவெளியை மாற்றுவதும் போதும். அதைச் சொன்னபோது விற்பனைப் பிரிவு ஒப்பவில்லை: கடையில் தொங்கும்போது பக்கத்துப் பிராண்டைவிடச் சின்னதாகத் தெரியுமாம். ‘மறுசுழற்சிக்கு உகந்தது’ என்று அச்சடிக்க மட்டும் உடனே சம்மதித்தார்கள்.

வைப்ரேட்டருக்கான கோரிக்கையை மறுபடி அனுப்பியிருக்கிறேன். 50 கிராம் பவுச் இன்னும் பழைய ரோலில்தான் ஓடுகிறது. அதை மாற்றச் சொல்ல எனக்கு அவசரம் இல்லை.