மேல்தாடை நீர்க்கட்டியும் பல்லின் உயிரும்

மேல்தாடையில் நீர்க்கட்டி என்று எக்ஸ்ரேயோடு வருபவர்களிடம் நான் முதலில் சோதிப்பது, கட்டியை ஒட்டிய பற்களுக்கு உயிர் இருக்கிறதா என்பதைத்தான். குளிர்ச்சியை வைத்தோ மெல்லிய மின்தூண்டல் கொடுத்தோ சில நிமிடங்களில் முடிந்துவிடும் இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு, நேரே ஸ்கேனுக்கு எழுதிக்கொடுக்கும் பழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை.

சொத்தையாலோ அடிபட்டதாலோ, பல்லின் உள்ளே நரம்பும் ரத்தக்குழாய்களும் உள்ள பற்கூழ் செத்துப்போனால், வேர் நுனியில் நீடிக்கும் அழற்சி பல் உருவானபோது மிஞ்சி அங்கே உறங்கிக்கிடக்கும் மலாசே செல் எச்சங்களைத் தூண்டிவிடுகிறது. அப்படி உருவாகும் வேர்நுனிக் கட்டியே தாடைக் கட்டிகளில் மிகுதி. பெரும்பாலும் வலி இருக்காது என்பதால், எலும்பு மெலிந்து வீக்கம் தெரியும்வரை அது வளர்ந்துகொண்டே போகும். ஆனால் நடு வெட்டுப்பற்கள் இரண்டுக்கும் இடையே, சில சமயம் இதய வடிவில், கருநிழல் தெரிந்து, பற்கள் உயிரோடும் இருந்தால், அது பற்களால் வராத மூக்கு–அண்ணக் குழாய்க் கட்டியாக இருக்கலாம். அந்தப் பற்களுக்கு வேர் சிகிச்சை செய்வது வீண். முளைக்காத கோரைப்பல்லின் தலைப்பகுதியைக் கட்டி சூழ்ந்திருந்தால், அது இன்னொரு வகை; கணக்கே வேறு.

கட்டி பெரிதாகி, மேல்பற்களுக்கு மேலே உள்ள காற்றறையான சைனஸின் தரையை மேலே தள்ளியிருக்கும்போது, முப்பரிமாண ஸ்கேன் அவசியமாகிறது. கட்டியை முழுமையாக உரித்தெடுப்பதே வழக்கமான அறுவை சிகிச்சை. காரணமான பல்லைக் காப்பாற்ற முடிந்தால், வேர் சிகிச்சை செய்து வேர் நுனியையும் வெட்டிவிடுவோம். சைனஸோ பக்கத்துப் பற்களோ சேதமடையும் என்று தோன்றினால், 1892இல் ஜெர்மன் அறுவை மருத்துவர் கார்ல் பார்ட்ஷ் விவரித்தபடி, கட்டியின் சுவரைத் திறந்து வாயோடு இணைத்து, உள்ளழுத்தம் குறைந்து அது தானே சுருங்க விடுவதுண்டு. அதற்கு மாதக்கணக்கில் குழியைக் கழுவிவரும் பொறுமை நோயாளிக்கு வேண்டும். அறுவையின்போது சைனஸ் திறந்துகொண்டவர்கள், காயம் ஆறும்வரை மூக்கைச் சிந்தவே கூடாது.

எடுத்த திசு எவ்வளவு சாதாரணமாகத் தெரிந்தாலும், அதை நோய்க்கூறியல் ஆய்வுக்கு அனுப்பியாக வேண்டும். உலக சுகாதார அமைப்பு 2005இல் புற்றல்லாத திசுவளர்ச்சிக் கட்டிகளின் வரிசையிலும் 2017இல் மறுபடி நீர்க்கட்டிகளின் வரிசையிலும் வைத்த கெரட்டோசிஸ்ட் என்ற தாடைக் கட்டி, எக்ஸ்ரேயில் மற்றக் கட்டிகளைப் போலவே தோன்றி ஏமாற்றக்கூடியது. அதன் சுவர் மெல்லியது, எளிதில் கிழிந்து துணுக்குகளை விட்டுச்செல்லும். அறுவைக்குப் பல ஆண்டுகள் கழிந்தும் திரும்பி வரக்கூடும் என்பதால், அறிக்கையில் அந்தப் பெயர் வந்தவர்களை நான் ஆண்டுதோறும் எக்ஸ்ரேக்கு அழைக்கிறேன்.