நாக்கைப் பார்த்துச் சொன்னார் மருத்துவர்

அழும்போது மகளின் உதடு கருத்துப்போகும். அழுகை ஓய்ந்ததும் பழைய நிறம் திரும்பிவிடும். குளிராக இருக்கும் என்றுதான் வீட்டில் ஆளாளுக்குச் சொன்னார்கள். குழந்தை மருத்துவரோ முதலில் வாயைத் திறந்து நாக்கையும் ஈறையும் பார்த்தார். கைக்குழந்தைக்குக் குளிரில் விரல்கள் நீலம் பாரிப்பது வழக்கம்தான், நாக்கும் நீலமானால் ரத்தத்திலேயே ஆக்சிஜன் குறைவு என்றார். கருத்த தோலில் நீலம் எளிதில் தெரியாது என்பதால், இது எல்லாப் பெற்றோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று விரலில் மாட்டிப் பார்க்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் 82 காட்டியது. 95க்குக் குறையக் கூடாதாம். எக்கோ எனும் இதய ஸ்கேனில் காரணம் தெரிந்தது: டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ, பிறவி இதயக் குறைபாடு. இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே ஓட்டை, நுரையீரலுக்குப் போகும் பாதையில் அடைப்பு. அதனால் ஆக்சிஜன் ஏறாத ரத்தமும் கலந்து உடம்புக்குப் போய்விடுகிறது.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் அதிகம். சந்தோஷப்பட்டோம். ஆனால் அது நல்ல அறிகுறி இல்லை; ஆக்சிஜன் போதாததால் உடம்பு கூடுதலாகச் சிவப்பணுக்களை உருவாக்குகிறது, ரத்தம் கெட்டியாகும், காய்ச்சல் பேதி வந்தால் நீர்ச்சத்து குறையவே விடாதீர்கள் என்று மருத்துவர் விளக்கினார். ரத்தசோகை இருந்தால் நீலம் வெளியே தெரியாமலே போகலாம் என்பதையும் அன்றுதான் அறிந்தேன்.

அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த நாட்களில் மிகவும் பயந்தது 'ஸ்பெல்' என்கிற அந்தத் திடீர் நீலத்துக்குத்தான். ஒரு காலையில் அது வந்தது. அழுதுகொண்டே இருந்தவள் வேகவேகமாக மூச்சு வாங்கி, உடம்பெல்லாம் நீலமாகித் துவண்டாள். சொல்லிக்கொடுத்திருந்தபடி முழங்கால்களை மடக்கி மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டேன். அப்படிச் செய்தால் கால் ரத்தக்குழாய்கள் அழுந்தி, நுரையீரலுக்குப் போகும் ரத்தம் கூடும். மெல்ல நிறம் திரும்பியது. உடனே மருத்துவமனைக்கு ஓடினோம். ஆக்சிஜன் வைத்தார்கள். பிறகு, ஸ்பெல் மறுபடி வராமலிருக்க, அறுவை சிகிச்சைவரை புரோப்ரனோலால் மருந்து கொடுத்தோம். இந்த நோயுள்ள குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஒவ்வொருவருக்கும், பாட்டி தாத்தா உட்பட, அந்த மடக்கிப் பிடிக்கும் முறையைக் கட்டாயம் காட்டிக்கொடுங்கள்.

அறுவை சிகிச்சையில் ஓட்டையை ஒட்டுப்போட்டு மூடி, அடைப்பை அகலப்படுத்தினார்கள். ஐசியூவில் அவளைப் பார்க்க விட்டபோது நாங்கள் முதலில் தேடியது உதட்டின் நிறத்தைத்தான். இளஞ்சிவப்பு! இப்போது 98 காட்டுகிறது. இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் பாதையின் வால்வில் கசிவு இருப்பதால், பெரியவளானதும் வால்வு மாற்ற வேண்டிவரலாம். அதற்காகத் தவறாமல் எக்கோ எடுத்துவருகிறோம்.