புகைக்காட்டைக் கடந்து ஹிமவத் கோபாலன் சந்நிதிக்கு

பேரன் பிறந்தால், கர்நாடகத்தில் குண்டலுப்பேட்டை அருகே இருக்கும் ஹிமவத் கோபாலசுவாமி பெட்டா என்ற மலைக்கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்று அம்மா வேண்டியிருந்தார். தம்பிக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்து அந்தச் சந்தான கோபாலன் கண் திறந்தான். 2024 மே மாதம், கத்திரி வெயில். "இந்த வறட்சியில் கைக்குழந்தையோடு மலைக்கா?" என்று சொந்தபந்தமெல்லாம் தடுத்தது. சாமிக் கடனை வைத்துக்கொண்டு எப்படிச் சோறு இறங்கும் என்று அம்மா கேட்டார். அதற்குமேல் யார் பேசுவது?

கோபிசெட்டிபாளையத்திலிருந்து இருட்டோடு காரில் கிளம்பி, பண்ணாரியில் இறங்கி அம்மனைக் கும்பிட்டோம். பங்குனித் தீமிதிக் குண்டத்தில் ஆட்களுக்குப் பின்னால் ஆடு மாடுகளும் இறங்குகிற சந்நிதி அது, விவசாயிகளின் தாய். எங்கள் தோட்டத்தில் போர் வற்றித் தென்னை மட்டைகள் தொங்கிப்போய்விட்டன. நான் மழையைக் கேட்டேன். அம்மா புற்றுமண்ணைக் குழந்தையின் நெற்றியில் அப்பி, "தாயே, நீயே காடு தாண்டிக் கொண்டுபோய் விடு" என்றார்.

திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். பாதி ஏறும் முன்பே புகை வந்துவிட்டது. முதலில் பனிமூட்டம் என்றுதான் தம்பி சொன்னான். நாற்றம் காருக்குள் நுழைந்த பிறகு யாருக்கும் சந்தேகமில்லை. சரிவில் மூங்கில் வெடிக்கும் சத்தம் பட்டாசு போலக் கேட்டது. காய்ந்த உண்ணிச்செடிப் புதர்களில் நெருப்பு தாவித் தாவி ஏறிக்கொண்டிருந்தது. வேட்டைத் தடுப்புக் காவலர்கள் பச்சைத் தழைக் கட்டுகளால் அதை அடித்துக்கொண்டிருந்தார்கள். முகமெல்லாம் கரி. ஒருவர் எங்களைப் பார்த்து, "கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மெதுவாகப் போங்கள், எங்கேயும் நிறுத்தாதீர்கள்" என்றார். அவர் குரலே வறண்டு கிடந்தது.

குழந்தை இருமத் தொடங்கியது. தம்பி மனைவி ஈரத்துண்டால் அதன் முகத்தை மறைத்துக்கொண்டு அழுதாள். "அம்மா, திரும்பிவிடலாமா?" என்று தம்பி கேட்டான். அந்தக் குறுகிய சாலையில், முன்னும் பின்னும் லாரி நிற்க, எங்கே திரும்புவது? அம்மா பதிலே சொல்லவில்லை. "கோவிந்தா, கோபாலா" என்று ஆரம்பித்தார். நாங்களும் சேர்ந்துகொண்டோம். வளைவுக்கு வளைவு அந்த நாமம்தான் எங்களைத் தூக்கிப்போனது. திம்பம் உச்சியில் காற்று திசை மாறிப் புகை விலகியது. அது யார் செயல் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஆசனூர், காரப்பள்ளம், சாமராஜநகர், குண்டலுப்பேட்டை. வழியெல்லாம் வெறும் செம்மண். முந்தைய ஆண்டே கர்நாடகத்தின் 236 தாலுகாக்களில் 223-ஐ வறட்சி பாதித்தவையாக அறிவித்திருந்தார்கள். குண்டலுப்பேட்டைப் பக்கம் பூக்காடாகப் பார்த்த நிலங்களில் புல்கூட இல்லை.

அடிவாரத்தில் சொந்த வண்டியை நிறுத்திவிட்டு அரசு பஸ்ஸில்தான் ஏற வேண்டும். பஸ் வந்து நிற்கும் முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிறார்கள். கைக்குழந்தைக்காரியைப் பார்த்தும் ஒருவரும் விலகவில்லை. போதாதென்று ஒரு தரகர், பணம் கொடுத்தால் வரிசையில்லாமல் தரிசனம் என்று பின்னாலேயே வந்தார். வேண்டுதலோடு வருகிறவர்களிடம் இப்படிக் காசு பிடுங்குவதற்கு எப்படித்தான் மனம் வருகிறதோ.

1,454 மீட்டர் உயரம். பனி மூடியிருக்கும் மலை என்பதால்தான் ஹிமவத் என்று பெயர். அன்று பனி இல்லை. பந்திப்பூர்க் காடு வெயிலில் வெளுத்துக் கிடந்தது. கருவறை நிலைக்கு மேலே எப்போதும் ஈரம் கசியும், அர்ச்சகர் அதைத் தொட்டு பக்தர்கள்மேல் தெளிப்பார். ஆறும் குளமும் வற்றிய இந்தக் கோடையில் அது இருக்குமா என்ற கேள்வி என்னை அரித்துக்கொண்டிருந்தது. அம்மாவிடம் கேட்கத் துணிவு வரவில்லை.

வரிசை நகர்ந்தது. வேணுகோபாலன் தெரிந்தான். ஒரு காலைக் குறுக்கே வைத்து, குழலை உதட்டருகே தூக்கி, மரத்தடியில் நிற்கிறான். ஹொய்சள மன்னர் வீர பல்லாளர் காலத்தில், 1315-இல் எழுந்த கருவறை என்பார்கள். அத்தனை தலைமுறையின் கண்ணீரையும் பார்த்த முகம், அப்போதுதான் விளையாட வந்த பிள்ளையைப்போல் இருந்தது. அர்ச்சகர் நிலையின் மேற்புறத்தைக் கையால் வழித்தார். கை பளபளத்தது. குழந்தையின்மேல் உதறினார்.

ஒரு சொட்டு நேராக நெற்றியில் விழுந்தது. பண்ணாரியில் அப்பிய புற்றுமண் காய்ந்து வெடித்திருந்தது. அது கறுத்து, ஊறி, புருவத்தை நோக்கி மெல்ல வழிந்தது. மண்வாசனை வந்தது. மழை விழுந்த தோட்டத்தின் வாசனை. குழந்தை சிலிர்த்துக்கொண்டு சிரித்தது. அம்மா விம்மி அழுதார். நான் கேட்க வைத்திருந்த எதுவும் நினைவில் இல்லை. கோபாலா, கோபாலா என்பதைத் தவிர வாயில் வேறு வார்த்தை வரவில்லை. தள்ளிவிட்ட கூட்டத்தின்மேல்கூட எனக்குக் கோபமில்லை. இதை எழுதும்போதும் கண் நிறைகிறது. எங்களை வரவழைத்தவனுக்கு, பிள்ளையைக் கொடுத்தவனுக்கு, எரிகிற காட்டுக்குள் வழிவிட்டவனுக்கு நான் என்ன திருப்பிக் கொடுக்க முடியும்?

திரும்பும் வழியில் பண்ணாரிச் சோதனைச் சாவடியில் அம்மா காரை நிறுத்தச் சொன்னார். காட்டிலிருந்து அப்போதுதான் இறங்கிய காவலர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்கென்று வைத்திருந்த பிரசாதத்தையும், மீதமிருந்த தயிர்சாதத்தையும், தண்ணீர்க் கேனையும் அவர்களிடமே கொடுத்துவிட்டார். "சாமி, நீங்கள் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும்" என்று ஒவ்வொருவர் நெற்றியிலும் புற்றுமண்ணை வைத்தார். காரில் ஏறியதும் அடுத்த வேண்டுதலைச் சொன்னார்: பவானிசாகர் அணை நிரம்பினால் எல்லோரும் மறுபடி மலைக்குப் போக வேண்டுமாம்.