ட்வின் கேம் என்று சொன்ன கார்

"இலங்கையிலேயே இது ஒன்றுதான் இருக்கிறது." பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பார்க்கப் போனால், பொனட்டைத் திறப்பதற்கு முன்பே இந்த வசனம் வந்துவிடும். கொழும்பில் பதினெட்டு வருடமாக வாகன மதிப்பீட்டு வேலை செய்கிறேன். பெரும்பாலும் லீசிங்குக்கும் காப்புறுதிக்குமாக ஜப்பான் கார்கள்தான். மாதத்தில் ஒன்றிரண்டு பழைய கார் வரும். அந்த நாட்களில் விடியவே எழும்பி, டோர்ச்சுக்குப் புது பெட்டரி போட்டு வைத்துவிடுவேன்.

போன வருடம் வெள்ளவத்தையில் இருக்கும் ஓய்வுபெற்ற டொக்டர் ஒருவர் கூப்பிட்டார். நாரஹேன்பிட்டியில் சிவப்பு எம்ஜிஏ ஒன்று, எம்ஜி கம்பெனியின் பழைய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார், விலைக்கு இருக்கிறதாம். சாதாரண எம்ஜிஏ இல்லை, வேறு எஞ்சின் போட்ட ட்வின் கேம் வகை. பள்ளிக்கூடம் போகும் வயதில் காலி வீதியில் ஒரு எம்ஜிஏ போனதைப் பார்த்து, அது வளைவில் மறையும் வரை நின்றிருக்கிறார். "தம்பி, இது உண்மையிலேயே அபூர்வமான கார்தானா? அதை மட்டும் சொல்லுங்கள்" என்றார்.

அந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கொழும்பில் அபூர்வமா, அல்லது தொழிற்சாலையில் செய்யும்போதே அபூர்வமா? எம்ஜிஏக்குப் பிறகு வந்த எம்ஜிபி காரைக் கொழும்பு வீதியில் காண்பது கஷ்டம். ஆனால் 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டனில் அதைச் செய்துகொண்டே இருந்தார்கள். எல்லா வகையும் சேர்த்து 5 லட்சத்துக்கும் மேல். இங்கே இல்லை என்பதற்காக அதை அபூர்வம் என்று எழுதித் தர என்னால் முடியாது. எம்ஜிஏ கதை வேறு. 1955 முதல் 1962 வரை ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் செய்தார்கள். அதில் ட்வின் கேம் வெறும் 2,111. 1958இல் தொடங்கி 1960இல் நிறுத்திவிட்டார்கள்.

ஏன் நிறுத்தினார்கள் என்பது தெரிந்தால்தான் இந்தக் காரைச் சோதிக்கவும் தெரியும். வழக்கமான பி சீரிஸ் எஞ்சினை அடிப்படையாக வைத்து, மேலே அலுமினிய சிலிண்டர் ஹெட்டும், வால்வுகளைத் திறந்து மூட ஒன்றுக்குப் பதில் இரண்டு கேம்ஷாஃப்ட் தண்டும் போட்டார்கள். 1588 சிசி, 108 குதிரைவலு. ஆரம்பத்தில் கம்ப்ரெஷன், அதாவது பெட்ரோல் கலவையை எஞ்சின் அழுத்தும் அளவு, 9.9க்கு 1. அதற்கு நல்ல ஒக்டேன் பெட்ரோல் வேண்டும், தீப்பொறி விழும் நேரம், அதாவது இக்னிஷன் டைமிங், கொஞ்சமும் பிசகக்கூடாது. பிசகினால் பிஸ்டன் எரிந்து ஓட்டை விழும். கெட்ட பெயர் பரவியது. பிறகு கம்ப்ரெஷனைக் குறைத்தும் பெயர் திரும்பவில்லை.

இனி இதைக் கொழும்புக்குக் கொண்டு வந்து பாருங்கள். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி. கார் இறக்குமதி கிட்டத்தட்ட நின்றுபோனது. 1977இல் பொருளாதாரத்தைத் திறந்துவிடும் வரை உதிரிப்பாகத்துக்கும் தட்டுப்பாடு. பிஸ்டன் எரிந்த ட்வின் கேம் வைத்திருந்தவர் என்ன செய்வார்? ஊரெல்லாம் ஓடிய ஆஸ்டின் கேம்பிரிட்ஜிலும் மொரிஸ் ஒக்ஸ்போர்டிலும் இருந்தது அதே பி சீரிஸ் எஞ்சின். பழைய உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் ஒன்றை வாங்கி, பெரிய வெட்டு ஒட்டு இல்லாமல் இறக்கிவிடலாம். ஆகவே ட்வின் கேம் எஞ்சின் இல்லாத உண்மையான ட்வின் கேம் கார் இந்த ஊரில் இருப்பதற்கு எல்லா நியாயமும் உண்டு. இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. ஒரு வீட்டுக்கு நட்டம் வைத்துத்தான் படித்தேன்.

தொழிலுக்கு வந்த மூன்றாம் வருடம். தெஹிவளையில் ஒரு வீட்டின் பின்பக்கக் கொட்டிலில் சாம்பல் நிற எம்ஜிஏ ஒன்று நின்றது. கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் கனடாவில். அந்த அம்மா வீட்டை விற்றுவிட்டுப் போவதற்காகச் சாமான்களுக்கெல்லாம் விலை போட்டுக்கொண்டிருந்தார். பொனட்டைத் திறந்தேன். உள்ளே 18ஜி என்று இலக்கம் தொடங்கும் எம்ஜிபி எஞ்சின். பின்னால் பெயர்ப்பட்டி எதுவும் இல்லை. "எஞ்சின் மாற்றப்பட்டது, சாதாரண எம்ஜிஏ, ஓடும் நிலையில் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இருபது நிமிட வேலை. அந்த விலைக்கே ஒரு புரோக்கர் எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டு வருடம் கழித்து அதே காரை, நான் தொழில் பழகிய கொட்டாஞ்சேனை கராஜில் கண்டேன். டிங்கரிங்குக்காகப் பெயின்ட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். பாஸ் ஒன்றும் சொல்லாமல் என்னைக் கூட்டிக்கொண்டு போய்ப் பின்சில்லைக் கழற்றிக் காட்டினார். டிஸ்க் பிரேக், சில்லோடு சுற்றும் தட்டைப் பிடித்து நிறுத்தும் வகை. சாதாரண எம்ஜிஏ 1600க்கு முன்னால் மட்டும்தான் டிஸ்க், பின்னால் டிரம் என்ற பழைய உருளை வகை. நான்கு சில்லுக்கும் டிஸ்க் போட்டது ட்வின் கேமுக்கு. பொனட்டுக்குள் இரண்டு பக்கச் சுவரிலும் தகடு ஒன்று திருகாணியில் நின்றது. அகலமான ட்வின் கேம் எஞ்சினில் கை நுழைத்து வேலை செய்ய, கழற்றி மாட்டும்படி தொழிற்சாலையிலேயே வைத்த தகடு அது. அழுக்கைத் துடைத்ததும் செசி இலக்கத் தகட்டில், அதாவது தொழிற்சாலை காருக்குக் கொடுத்த இலக்கத்தில், ஒய்டி என்ற இரண்டு எழுத்து வந்தது. ட்வின் கேமின் திறந்த காருக்கு உரிய எழுத்து. எல்லாம் நான் பார்த்த அன்றும் அங்கேயேதான் இருந்தன.

அந்த அம்மாவைத் தேடிப் போய்ச் சொன்னேன். கனடாவுக்குப் போக இன்னும் ஒரு மாதம் இருந்தது. பிளேன்டீ தந்தார். விலையைப் பற்றிக் கேட்கவே இல்லை. "அது இனி ஓடுமா தம்பி?" என்று மட்டும் கேட்டார். ஓடும் என்றேன். அன்றிலிருந்து எஞ்சினை நான் கடைசியாகத்தான் பார்ப்பது.

நாரஹேன்பிட்டி சிவப்புக் காருக்கு வருவோம். கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. டிக்கி மூடியிலும் முன்னால் காற்றுத் துவாரங்களுக்குப் பக்கத்திலும் ட்வின் கேம் என்ற பெயர்ப்பட்டி. நடுவில் ஒரே நட்டோடு கம்பிச் சில்லுகள். டொக்டர் அந்த நட்டைத் தொட்டுக் காட்டி, "இதுதானே அடையாளம்?" என்றார். பாதி சரி. ட்வின் கேமுக்கும் நடுவில் ஒரே நட்டுத்தான், ஆனால் சில்லு டன்லொப் செய்த இரும்புத் தட்டு, கம்பி இல்லை. சில்லை மாற்றியிருக்கலாம், அதை வைத்து முடிவு கட்டக் கூடாது. கம்பிகளுக்கு ஊடாக டோர்ச் அடித்தேன். பின்னால் டிரம்.

டொக்டர் பொக்கெட்டிலிருந்து ஒரு சிறிய காந்தம் எடுத்தார். யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கதவில் வைத்தார், ஒட்டவில்லை. முகம் வாடிவிட்டது: "உள்ளே எல்லாம் ஓட்டையை மூடப் பூசிய பட்டியா?" எனக்கோ அது இந்தக் காரில் கண்ட முதல் நல்ல சகுனம். எம்ஜிஏயின் கதவுத் தோல், பொனட், டிக்கி மூடி மூன்றும் அலுமினியம். காந்தம் ஒட்டினால்தான் பிறகு யாரோ இரும்புத் தகடு அடித்திருக்கிறார்கள் என்று யோசிக்க வேண்டும். கடற்காற்றுக்கு மற்ற இரும்பெல்லாம் உளுத்துப்போகும் இந்த ஊரில், அசல் கதவுகள் நிற்பது பெரிய விஷயம்.

அப்புறம் செசி இலக்கத் தகடு. ஒய்டி என்று இருந்தது. எழுத்துகள் ஒரே ஆழத்தில் இல்லை, திருகாணிகள் நேற்றுக் கடையில் வாங்கியவை போல மின்னின. பொனட்டுக்குள் பக்கச் சுவர்கள் முழுத்தகடு, கழற்ற எதுவும் இல்லை. விற்பவர், "எஞ்சின் வெடித்துவிட்டது, அதனால்தான் மாற்றியிருக்கிறார்கள்" என்றார். நான் மேலே சொன்ன அதே நியாயம். அது உண்மையாக இருக்க வேண்டுமென்றால் கார் முழுவதும் அதற்குச் சாட்சி சொல்ல வேண்டும். எஞ்சின் போயிருக்கலாம், பின்பிரேக்கும் பக்கச் சுவரும் சேர்ந்தா போகும்?

பதிவுப் புத்தகத்தைக் கேட்டேன். பழைய, கையால் எழுதிய புத்தகம். இலக்கம் ஸ்ரீ வரிசையில் இருந்தது. அது சரி. 1950களின் பிற்பகுதியில்தான் சிங்கள ஸ்ரீ எழுத்து வாகன இலக்கத்தில் வந்தது. அதற்கு முன் இரண்டு ஆங்கில எழுத்து. 1960இல் புதிதாக இறங்கிய கார் ஒன்றுக்கு அந்த ஆங்கில எழுத்து இலக்கம் இருந்தால், வேறு ஒரு காரின் புத்தகத்தை இதற்கு மாட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த ஸ்ரீயை எதிர்த்து 1958இல் எங்கள் தமிழ் ஆட்கள் தார் பூசியதையும், அதற்குப் பிறகு கொழும்பில் நடந்த கலவரத்தையும் அப்பா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறை ஒரு பழைய காரின் வயதைக் கணிக்க அந்த எழுத்தைப் பார்க்கும்போதும் அப்பாவின் குரல் ஒரு கணம் வந்து போகிறது.

புத்தகத்தின் முதல் பக்கத்தில் செசி இலக்கம் ஜிஎச்என் என்று தொடங்கியது. சாதாரண 1600க்கு உரியது. முதல் எஞ்சின் இலக்கம் 16ஜிஏ. ட்வின் கேம் என்றால் 16ஜிபி என்று இருந்திருக்க வேண்டும். எழுத்தர்கள் ஓர் எழுத்தைப் பிழையாக எழுதுவது உண்டு. இரண்டு இலக்கமும் ஒரே திசையில் பிழையாவது நடக்காது.

இதே மாதிரிக் கதைகள் மற்றக் கார்களிலும் வரும். தொழிற்சாலையே எட்டு சிலிண்டர் எஞ்சின் போட்ட எம்ஜிபி வி8 என்று கூரை திறந்த கார் ஒன்றைக் காட்டினார்கள். 1973க்கும் 1976க்கும் இடையில் தொழிற்சாலை செய்த 2,591 வி8 காரும் கூரை மூடிய ஜிடிதான், ஆகவே பார்க்கவே தேவையில்லை. ட்ரையம்ப் என்ற இன்னொரு இங்கிலாந்துக் கம்பெனியின் ஆறு சிலிண்டர் டிஆர்5 என்றால் இலக்கம் சிபி என்று தொடங்க வேண்டும். சிடிசி என்று தொடங்கினால் அது அதற்கு முந்திய நான்கு சிலிண்டர் டிஆர்4ஏ, யாரோ ஆறு சிலிண்டர் எஞ்சின் ஏற்றியிருக்கிறார்கள். எம்ஜிஏயில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. ட்வின் கேம் நின்ற பிறகு அதன் பிரேக்கையும் சில்லையும் சாதாரண எஞ்சின் கார்களுக்குப் போட்டு 'டி லக்ஸ்' என்று விற்றார்கள், 400க்கும் குறைவாக. ஆகவே பின்பக்க டிஸ்க்கைக் கண்டவுடன் ட்வின் கேம் என்று துள்ளவும் கூடாது.

விற்பவரிடம் சொல்வதுதான் அன்றைக்குக் கஷ்டமான வேலை. அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. ட்வின் கேம் விலை கொடுத்து வாங்கி ஒன்பது வருடம் வைத்திருந்தவர். புத்தகத்தை அவர் ஒரு தரமும் விரித்துப் பார்த்ததில்லை. நான் ஒவ்வொன்றாகக் காட்டக் காட்ட, முதலில் கோபப்பட்டார், பிறகு குனிந்து தானே டோர்ச் பிடித்தார். கடைசியில், "அப்போ நான் யாரிடம் போய்க் கேட்பது?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

டொக்டரிடம், இது நேர்மையான ஒரு 1600, அதே மாதிரி 31,000க்கும் மேல் செய்திருக்கிறார்கள், உடம்பு நல்லது, அந்த விலைக்கு வாங்கலாம் என்றேன். இரண்டு வாரம் யோசித்தார். விற்பவரும் இறங்கி வந்தார். கார் வெள்ளவத்தைக்குப் போனது. போன அன்றே டொக்டர் என்னைக் கூப்பிட்டு, பெயர்ப்பட்டிகளைக் கழற்றச் சொன்னார்.

இங்கிலாந்தில் கெய்டன் என்ற இடத்தில் ஒரு மோட்டார் மரபு அறக்கட்டளை இருக்கிறது. ஆபிங்டன் தொழிற்சாலைப் பேரேடுகள் அவர்களிடம் உண்டு; செசி இலக்கத்தைக் கொடுத்தால், கார் எந்த நாளில் செய்யப்பட்டது, என்ன எஞ்சின், என்ன நிறம், எந்த நாட்டுக்குப் போனது என்று சான்றிதழ் தருவார்கள். டொக்டரின் மருமகன் லண்டனிலிருந்து விண்ணப்பித்தார். எஞ்சின் இலக்கம் புத்தகத்தில் இருந்த அதே 16ஜிஏ. போன இடம் சிலோன். நிறம் ஐரிஸ் நீலம்.

டிக்கிக்குள் உபரிச் சில்லு வைக்கும் இடத்தின் ஓரத்தை மெல்லச் சுரண்டினோம். சிவப்புக்கு அடியில் சாம்பல், அதற்கு அடியில் ஒரு விரல் நக அளவுக்கு அந்த நீலம். டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். அவர் சின்ன வயதில் கண்ட காரும் நீலமாம், என்னிடம் அதுவரை சொல்லவில்லை. பெயின்ட் கடைக்காரர் இப்போது மூன்று நீலம் கலந்து தகட்டில் அடித்துக் கொடுத்திருக்கிறார். டிக்கியில் மிஞ்சிய நீலத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வரும் ஞாயிறு காலை போகிறேன், வெயில் ஏறுவதற்கு முன்.