ஷாகாபாத் கல்லில் கைக்கோடரி: ஏழாவது பலகையில் சதுர விளிம்பு மடங்கியது

பழைய கற்கால மனிதர்களைப் போலக் கல்லால் கல்லைச் செதுக்கிக் கைக்கோடரி செய்து பழகுகிறேன். ஷாகாபாத் தரைக்கல்லில் ஏழாவது பலகை இரண்டாக உடையாமல் கைக்கோடரி ஆகிவிட்டது. நீளம் 15 செ.மீ., அகலம் 9 செ.மீ., நடுத் தடிமன் 34 மி.மீ., எடை 640 கிராம். தொடங்கும்போது அது 19-க்கு 12 செ.மீ. அளவில், 45 மி.மீ. தடிமனில் 2.7 கிலோ இருந்த துண்டு. நுனியில் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது. ஆனாலும் முதல் ஆறு பலகைகளையும் காவு வாங்கிய சதுர விளிம்பு (ரம்பம் அறுத்த 90 டிகிரி ஓரம்) இதில் சுற்றிலும் மடங்கிவிட்டது. அது எப்படி மடங்கியது என்பதைக் கையில் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

ஏன் ஷாகாபாத் கல் என்று பலரும் கேட்கிறார்கள். பெங்களூரைச் சுற்றிக் கிடைப்பதெல்லாம் நைஸ் (gneiss) என்ற உருமாறிய பாறை. லால்பாக்கில் ஏறி நிற்கிறோமே, சுமார் 300 கோடி ஆண்டுப் பாறை, அதே இனம்தான். பார்க்க அழகு, செதில் (அடியில் பெயர்ந்து வரும் மெல்லிய சில்லு) எடுக்க உதவாது. உள்ளே இருக்கும் படிகங்கள் கண்ணுக்குத் தெரியும் அளவு பெரியவை. அடியின் விசை படிகத்துக்குப் படிகம் திசை மாறிப் போவதால் ஓரம் பொடியாகி உதிரும், செதில் வராது. கட்டுமானத் தளங்களில் கொட்டிக் கிடக்கும் ஜல்லியும் பெரும்பாலும் இதே கதைதான்.

ஷாகாபாத் கல் பீமா ஆற்றுப் படுகையின் சுண்ணாம்புக்கல். அதே படுகை ஓரத்தில், யாத்கிர் மாவட்டத்து ஹுணசகி பள்ளத்தாக்கில் இசாம்பூர் இருக்கிறது. பேராசிரியர் கே. பத்தய்யா குழுவினர் அகழ்ந்த பழைய கற்காலக் கல்குவாரி அது. சுமார் 12 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அங்கே வேலை செய்தவர்கள், தரையில் பலகை பலகையாகப் பெயர்ந்து கிடந்த சுண்ணாம்புக்கல்லில் தோதான தடிமன் உள்ளதைப் பொறுக்கி, ஓரங்களை மட்டும் செதுக்கிக் கோடரியாக்கினார்கள். பலகை ஏற்கெனவே தட்டையாக இருப்பதால் உருண்டைக் கல்லைப் போல நடுவைக் குறைக்க மாரடிக்க வேண்டியதில்லை. அந்தத் தேர்வில் எவ்வளவு யோசனை இருக்கிறது என்பது நாமே ஒரு பலகையைக் கையில் எடுக்கும்போதுதான் உறைக்கிறது. ஒரு வித்தியாசம் உண்டு. இசாம்பூர்க் கல்லில் சிலிக்கா ஊறியிருக்கிறது, அதனால் கெட்டி. நமக்குக் கிடைக்கும் தரைக்கல் அதைவிட மிருது. விளிம்பு சீக்கிரம் மழுங்கும். வாழைத்தண்டை நன்றாக அறுக்கிறது, காய்ந்த மூங்கிலில் இழுத்தால் பத்துப் பதினைந்து இழுப்பில் கூர் போய்விடுகிறது.

கல் பொறுக்குவதில் மூன்றைப் பார்க்கிறேன். பலகையை ஒரு விரலில் தொங்கவிட்டது போலப் பிடித்து மறு கையிலுள்ள சிறு கல்லால் தட்டினால் வெண்கலக் கிண்ணம் போல ஒலிக்க வேண்டும். ‘தொப்’ என்றால் உள்ளே விரிசல். வெள்ளை நரம்பு ஓடினால் வேண்டாம், அடி சரியாக அந்த நரம்பில் போய் நிற்கும். பக்கவாட்டில் தண்ணீர் தடவிப் பார்த்தால் படிவ அடுக்குகள் கோடு கோடாகத் தெரியும். கோடுகள் அதிகமானால் செதில் அடுக்கோடு அடுக்காகப் படிக்கட்டு போல முறியும்.

பன்னர்கட்டா சாலைப் பக்கத் தரைக்கல் யார்டுகளில் பாலிஷ் போடாத ‘ரஃப்’ கல் என்று கேட்டு, உடைந்த மூலைகளை மூட்டையாக வாங்குவதுதான் மலிவு. 40 மி.மீ.க்குக் குறைந்த தடிமன் கோடரிக்குப் போதாது என்பதைச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் 20 மி.மீ. தளக்கல்லைத் தலையில் கட்டிவிடுவார்கள். ஓர் இடத்தில் வாங்கிய மூட்டையில் பாதி கறுப்புக் கடப்பாக் கல். அந்தத் துண்டுகள் அடித்தவுடன் அப்பளம் போல அடுக்கடுக்காகப் பிரிந்தன. மூட்டையைத் தரையில் கொட்டிப் பார்த்தே பணம் கொடுங்கள்.

இனி அந்த விளிம்பு. ரம்பம் போட்ட பலகையின் பக்கச் சுவர் முகத்துக்குச் சரியாக 90 டிகிரி. செதில் பெயர வேண்டுமானால் அடி விழும் இடத்துக்கும் செதில் ஓடும் முகத்துக்கும் நடுவில் 90-க்குக் குறைந்த கோணம் வேண்டும், 60 முதல் 75 வரை சுகம். நேர்க் கோணத்தில் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் விசை கல்லின் வயிற்றுக்குள் போகும். ஓரத்தில் வெள்ளைத் தழும்பு மட்டும் விழும். ஆத்திரத்தில் இன்னும் ஓங்கினால் பலகை நடுவில் இரண்டாகும். முதல் நான்கு பலகைகள் இப்படித்தான் போயின. ஐந்தும் ஆறும் பாதிச் சுற்று வந்தபின் படி முறிவில் மாட்டின.

வழி என்னவென்றால் சுவரின் நடுவில் தொடங்கவே கூடாது. ஏதாவது ஒரு மூலை ரம்பத்தில் வெட்டாமல், உடைந்து சாய்ந்திருக்கும் துண்டாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த மூலையில் இயல்பாகவே 75, 80 டிகிரி கிடைக்கும். அங்கே முதல் செதிலை எடுத்ததும் ஒரு சாய்ந்த தழும்பு விழும். உடனே பலகையைத் திருப்ப வேண்டும். இப்போது அந்தத் தழும்புதான் அடுத்த அடியின் மேடை. தழும்பின் ஓரமும் மிச்சமிருக்கும் சுவரும் சேரும் முகட்டைப் பிடித்து, அதிலிருந்து 6 முதல் 8 மி.மீ. உள்ளே தள்ளி, தழும்பின் மேல் அடி. இரண்டாவது செதில் மறுமுகத்தில் ஓடி, போகிற போக்கில் அடுத்த 3 செ.மீ. சுவரையும் தின்றுவிடும். மறுபடி திருப்பு, புதுத் தழும்பில் அடி. ஒவ்வொரு செதிலும் அடுத்ததற்கு மேடை கட்டிவிட்டுப் போகிறது. இந்தச் சுற்றுக்கு 22 செதில் ஆனது. முடிந்தபின் விளிம்பை நேராகப் பிடித்துப் பார்த்தால் பாம்பு ஊர்ந்த தடம் போல இடமும் வலமும் வளைந்து போகும். அந்த வளைவு வந்துவிட்டால் சதுரம் செத்தது என்று அர்த்தம்.

6 மி.மீ. என்று சொல்வதில் இருக்கிறது சூட்சுமம். 3 மி.மீ.யில் அடித்தால் மேடை நொறுங்கும், செதில் நகம் அளவில் வரும், சுவர் அப்படியே நிற்கும். 12 மி.மீ. போனால் விசை போதாமல் செதில் பாதியில் நின்று படி முறியும், அல்லது கல்லே பிளக்கும். அடிக்கு முன் முகட்டைச் சாணைக்கல் துண்டால் ஐந்தாறு தேய்ப்புத் தேய்க்க வேண்டும். கூரான ஓரம் அடியின் விசையைத் தாங்காமல் உதிரும், தேய்த்த ஓரம் தாங்கி உள்ளே அனுப்பும். இதைச் சோம்பலில் விட்ட இடமெல்லாம் கெட்டது. 22-இல் மோசமான மூன்று செதில்களும் தேய்க்காமல் அடித்தவை.

படி முறிவு விழுந்தால் அதே இடத்தில் மறுபடி அடிக்காதீர்கள். படிமேல் படி ஏறி ஒரு மேடாகிவிடும், பிறகு எதுவும் அதைத் தாண்டாது. பக்கத்தில் 2 செ.மீ. தள்ளி, சற்று ஆழமாக மேடை எடுத்து, படியின் அடியில் புகுந்து வெளியேறும் பெரிய செதிலாக அடிக்க வேண்டும். முடியாவிட்டால் எதிர் விளிம்பிலிருந்து வர வேண்டும். ஏழாவது பலகையில் இடப்பக்கம் விழுந்த படி இப்படி எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த 7 செ.மீ. செதிலோடு போனது. அந்தச் செதிலைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். அடி விழுந்த முனையில் பட்டாணி அளவு குமிழ், அதிலிருந்து குளத்தில் கல் போட்டது போல வட்ட அலைகள், கடைசியில் ஓரம் இறகாக மெலிந்து முடிகிறது. வெயிலில் சாய்த்தால் ஒவ்வொரு அலையும் தெரிகிறது. நல்ல செதில் பெயரும்போது ‘டக்’ என்ற ஒற்றைச் சத்தம், கீழே தொடையில் தாங்கிய விரலில் ஒரு சிறு உதைப்பு. கண்ணுக்கு முன்னால் காதுக்குத் தெரிந்துவிடும்.

பலகையை இடது தொடையில் தோல் விரிப்பு மேல் படுக்க வைத்து, செதில் பெயரும் முகத்தை விரல்களால் லேசாகத் தாங்க வேண்டும். அந்தரத்தில் பிடித்தால் அதிர்வு நடுவில் கூடிப் பலகை உடையும். இதனால்தான் 20 செ.மீ.க்கு மேல் நீளமான பலகையை இப்போதைக்குத் தொடுவதில்லை.

சுத்திக்கல் இரண்டு. 700 கிராம் டோலரைட் (கெட்டியான தீப்பாறை) கூழாங்கல் முதல் சுற்றுக்கு, 350 கிராம் குவார்ட்சைட் (இறுகி உருமாறிய மணற்கல்) விளிம்பைச் சீராக்க. தோட்ட அலங்காரக் கூழாங்கல் விற்பவர்களிடம் முட்டை வடிவில் தேடுங்கள். இயந்திரத்தில் உருட்டி மெருகேற்றியது வழுக்கும், மெருகில்லாததே கையில் நிற்கிறது. மெல்லிய செதிலுக்கு மிருதுவான சுத்தி வேண்டும். இங்கிலாந்தின் பாக்ஸ்குரோவில் சுமார் 5 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே எலும்பும் கொம்பும் சுத்தியாக இருந்திருக்கின்றன. நமக்கு மான் கொம்பு வேண்டவே வேண்டாம். உதிர்ந்த கொம்பாக இருந்தாலும் 1972 வன உயிரினச் சட்டத்தில் அதன் வியாபாரத்துக்கு இடமில்லை. மாற்றாக வைரம் பாய்ந்த கருவேலங்கட்டை, 30 செ.மீ. நீளம், 5 செ.மீ. குறுக்களவு. சுண்ணாம்புக்கல்லுக்கு அது தாராளமாகப் போதும். முனை பிய்ந்தால் திருப்பிப் பிடித்துக்கொள்ளலாம்.

மொட்டை மாடியில் வேலை செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. என்95 முகக்கவசம், கண்ணாடி, கனமான பேன்ட், கீழே தார்ப்பாய். தார்ப்பாயில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருங்கள். குவார்ட்சைட்டுக்கு மாறினால் தூசியில் சிலிக்கா அதிகம், நுரையீரலில் போய்த் தங்கினால் திரும்ப வராது. மூடிய அறையில் ஒரு செதில்கூட எடுக்காதீர்கள்.

கழிவு 2 கிலோவுக்கு மேல் சேர்ந்தது. இதை ஏரிக்கரையிலோ காலி மனையிலோ கொட்டுவது பெரிய தவறு. நாளை அங்கே கள ஆய்வுக்கு வருபவர் அதைக் கற்காலச் செதில் என்று எண்ணிக் குழம்புவார். நான் எல்லாவற்றையும் சாக்கில் போட்டுப் பெயின்ட் ஊற்றிக் கட்டிட இடிபாட்டோடு அனுப்புகிறேன். கோடரியின் அடியிலும் ஆண்டைப் பொறித்துவிடுவது வழக்கம். அதைப் போலவே, இசாம்பூரிலோ, சென்னைக்கு அருகிலுள்ள பழைய கற்கால இடமான அத்திரம்பாக்கத்திலோ கிடக்கும் ஒரு சில்லைக்கூட மாதிரிக்கு என்று எடுத்து வரக்கூடாது. கிடந்த இடத்தை விட்டுப் பெயர்ந்த கல்லின் சாட்சியத்தில் பாதி போய்விடுகிறது.

அடுத்தது குவார்ட்சைட். புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் எடுத்த கற்கருவியும், அதே ஆண்டு அத்திரம்பாக்கத்தில் கிடைத்தவையும் அந்தக் கல்தான். தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் 2011-இல் அத்திரம்பாக்கக் கைக்கோடரிகளுக்கு வெளியிட்ட காலம் சுமார் 15 லட்சம் ஆண்டு. 2018-இல் அதே இடத்தின் மேலடுக்குகளில் லெவல்வா முறைச் செதில்கள் சுமார் 3.85 லட்சம் ஆண்டிலிருந்து தொடங்குவதைக் காட்டினார்கள். எனக்கு அந்த லெவல்வாதான் ஆசை. ஆமை ஓடு போல ஒரு முகத்தை முன்கூட்டியே வளைத்துச் செதுக்கி, கடைசியில் ஒரே அடியில் நினைத்த வடிவத்தில் செதில் எடுக்கும் வித்தை. குவார்ட்சைட்டில் அதற்கு 1.5 கிலோ சுத்தி வேண்டும் என்று தோன்றுகிறது. மூன்று கூழாங்கற்கள் வந்து சேர்ந்துவிட்டன, இரண்டில் ஒலி நன்றாக இருக்கிறது.

அதற்கு முன் இந்தக் கோடரியின் நுனி. கடைசி 4 செ.மீ. இன்னும் 26 மி.மீ. தடிமன், 15-க்கு இறக்க வேண்டும். வலப்பக்க விளிம்பில் இரண்டு மேடைகள் தேய்த்துத் தயாராக இருக்கின்றன. இடப்பக்கம் அடுக்குக் கோடு ஒன்று நுனிக்கு மிக அருகில் ஓடுவதால் அங்கே கருவேலங்கட்டையால் மட்டும்தான் தொடப் போகிறேன்.