ஊட்டச்சத்துக் கள ஆய்வு: பிழை எந்த வீட்டில் விழுகிறது என்று பாருங்கள்

கிராமப்புற ஏற்றத்தாழ்வையும் ஊட்டச்சத்தையும் சேர்த்து ஆய்வுக்கு எடுக்கும் மானிடவியல் மாணவர்கள், கேள்வித்தாளைத் திருத்துவதிலேயே பாதி நேரத்தைச் செலவழித்துவிடுகிறார்கள். ஆய்வேடு நிற்பதும் விழுவதும் அளவெடுப்பில்தான். அளவெடுப்பில் வரும் பிழை எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி விழுவதில்லை. பிறந்த தேதிக்குச் சான்று இல்லாத வீடு, பகலில் ஆள் இல்லாத வீடு, எடைக்கருவி வைக்கச் சமமான தரை இல்லாத வீடு ஆகியவை பெரும்பாலும் ஏழை வீடுகள். அங்கே அசட்டையாக அளந்தால், நீங்கள் அளக்கப் போன ஏற்றத்தாழ்வே கூடியோ குறைந்தோ தெரியும்.

முதலில் வயது. 80 செ.மீ. நீளமுள்ள ஓர் ஆண் குழந்தைக்கு 20 மாதம் என்றால், உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வளர்ச்சித் தரப்படி அதன் இசட் மதிப்பு (அதே வயதுக் குழந்தைகளின் நடு அளவிலிருந்து எத்தனை திட்டவிலக்கம் தள்ளி இருக்கிறது என்று காட்டும் எண்) ஏறத்தாழ −1.5. அதே குழந்தைக்கு 24 மாதம் என்று எழுதிவிட்டால் −2-க்குக் கீழே போய், வளர்ச்சி குன்றிய குழந்தையாகக் கணக்கில் ஏறிவிடும். குழந்தையின் உடம்பில் எதுவும் மாறவில்லை. தாய் தோராயமாகச் சொன்ன “ரெண்டு வயசு” மாற்றியிருக்கிறது. 12, 24, 36 மாதங்களில் வயதுகள் குவிந்து கிடந்தால் இதுதான் நடந்திருக்கிறது என்று பொருள்.

இதற்கு மருந்து, களத்தில் இறங்கும் முன்பே தயாரிக்கும் நிகழ்வு நாட்காட்டி. அறுவடை, திருவிழா, வெள்ளம், தேர்தல் என்று அந்த ஊர் மறக்காத நிகழ்வுகளை மாதவாரியாக எழுதிக்கொண்டு, குழந்தை பிறந்தது அதற்கு முன்னா பின்னா என்று கேட்டு நெருங்கி வாருங்கள். வயது எங்கிருந்து கிடைத்தது (சான்றிதழ், தடுப்பூசி அட்டை, நினைவு) என்பதற்குப் படிவத்தில் தனி நெடுவரிசை ஒதுக்குங்கள். பிறகு, உறுதியான வயதுள்ள குழந்தைகளை மட்டும் வைத்து ஒருமுறை கணக்கிட்டால், முடிவு எவ்வளவு நகர்கிறது என்று தெரிந்துவிடும்.

2 வயதுக்குக் கீழே படுக்கவைத்து நீளம், அதற்கு மேல் நிற்கவைத்து உயரம். மாற்றி அளக்க நேர்ந்தால் வேறுபாடு 0.7 செ.மீ.: நிற்கவைத்த சிறு குழந்தைக்கு அதைக் கூட்ட வேண்டும், படுக்கவைத்த பெரிய குழந்தைக்குக் கழிக்க வேண்டும். அளவுப்பலகைக்கு இரண்டு பேர் வேண்டும்; ஒருவர் தலையைப் பிடிக்க, மற்றவர் முழங்காலை அழுத்திப் பாதப்பலகையைச் சேர்க்க வேண்டும். இரண்டு முறை அளங்கள், 0.7 செ.மீ.-க்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடி அளங்கள். கடைசி இலக்கம் 0, 5 என்றே வந்துகொண்டிருந்தால் அளப்பவர் அளவைத் தோராயமாக்கி எழுதுகிறார், அன்றைக்கே திருத்துங்கள். எடைக்கருவியைத் தினமும் காலையில் எடை தெரிந்த ஒரு பொருளை வைத்துச் சோதித்தால் போதும்.

உணவுக் கேள்வியில் பலரும் சறுக்குவது, வீட்டை ஓர் அலகாக எடுப்பதால். ஒரே பானையில் சமைத்தாலும் எல்லோர் தட்டிலும் ஒரே அளவு விழுவதில்லை. 24 மணிநேர நினைவுகூர்தலை, அதாவது கடந்த ஒருநாளில் சாப்பிட்டதை நினைவிலிருந்து சொல்லக் கேட்பதை, ஆள்வாரியாகச் செய்யுங்கள். முதலில் இடைமறிக்காமல் சொல்ல விடுங்கள், அடுத்து நேரவாரியாக இடைவெளிகளைக் கேளுங்கள், பிறகு அளவு. அளவுக்கு அந்த வீட்டுப் பாத்திரத்தையே எடுத்துவரச் சொல்லி, சாப்பாடு எட்டிய மட்டம் வரை தண்ணீர் ஊற்றி, அந்தத் தண்ணீரை அளவுக் குவளையில் அளந்துவிடுங்கள். “ஒரு கிண்ணம்” என்று எழுதி வந்தால் அது எந்தக் கிண்ணம் என்று பின்னால் யாருக்கும் தெரியாது. வேலையிடத்தில் தின்றது, தட்டில் மிச்சம் வைத்தது, குழந்தைக்கு ஊட்டிவிட்டது ஆகியவற்றைக் கடைசியில் தனியாகக் கேட்காவிட்டால் வராது. ஒருநாள் உணவு ஒருவரின் வழக்கத்தைக் காட்டாது. ஒரு பகுதியினரிடமாவது, அடுத்தடுத்து வராத இன்னொரு நாளில் திரும்பக் கேளுங்கள்.

15 முதல் 49 வயதுப் பெண்களுக்கான உணவுப் பன்மைக் குறியீட்டில் 10 உணவு வகைகளில் குறைந்தது 5 வகைகள் வர வேண்டும். இது குழுவுக்கான அளவுகோல். தனி ஒரு பெண்ணைச் சத்துக்குறைவானவர் என்று முத்திரை குத்த அதைப் பயன்படுத்தக் கூடாது.

மாமியாரோ கணவரோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் பெண்களின் பதில் மாறும். யார் உடனிருந்தார் என்பதையும் பதிவுசெய்யுங்கள். யாருக்கு முதலில் பரிமாறப்படுகிறது, கடைசியில் சாப்பிடுபவருக்கு என்ன மிஞ்சுகிறது என்பதைக் கேள்வித்தாள் பிடிக்காது. உடனிருந்து பார்த்துத்தான் எழுத முடியும். மானிடவியல் மாணவருக்கு மற்றத் துறையினரைவிடக் கூடுதலாக இருக்கும் பலம் இதுதான், அதை விட்டுவிடாதீர்கள். முதல் சில நாட்கள் உங்களுக்காகவே சமையல் மாறும். அந்த நாட்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

அறுவடைக்கு முந்தைய பற்றாக்குறை மாதங்களில் ஒருமுறை, அறுவடைக்குப் பின் ஒருமுறை, அதே வீடுகளுக்குப் போங்கள். ஒரு பருவத்தை மட்டும் பார்த்தால் கடன் வாங்கிச் சாப்பிடும் வீடும் களஞ்சியம் நிறைந்த வீடும் ஒன்றுபோலத் தெரியலாம். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டை எடுக்காதீர்கள். விடியற்காலையிலோ இருட்டிய பிறகோ, முன்கூட்டிச் சொல்லிவிட்டு, திரும்பப் போங்கள்.

6 முதல் 59 மாதக் குழந்தையின் மேல்கை நடுப்பகுதியின் சுற்றளவு 115 மி.மீ.-க்குக் கீழே இருந்தாலோ, இரு பாதங்களிலும் அழுத்தினால் குழி விழும் வீக்கம் இருந்தாலோ, அது தீவிர ஊட்டச்சத்துக் குறைபாடு. படிவத்தை ஓரமாக வைத்துவிட்டு அன்றே சிகிச்சைக்கு அனுப்புங்கள். எங்கே அனுப்புவது, யார் கூட்டிப்போவது என்பதை ஆய்வு தொடங்கும் முன்பே சுகாதார நிலையத்தோடு பேசி முடித்திருக்க வேண்டும்.

கணக்கிடும்போது, வயதுக்கேற்ற உயரத்தின் இசட் மதிப்பு −6-க்குக் கீழோ +6-க்கு மேலோ போனவற்றை நீக்குவது வழக்கம். நீக்கியவை எந்தப் பொருளாதாரப் பிரிவிலிருந்து வந்தன என்று ஒரு சிறு அட்டவணை போடுங்கள். அளக்க முடியாமல் போன வீடுகளுக்கும் அதேபோல ஒன்று. வாய்மொழித் தேர்வில் மாதிரியின் அளவைப் பற்றிக் கேட்பவர்கள் அடுத்து விடுபட்டவர்கள் யார் என்று கேட்கக்கூடும். அந்த இரண்டு அட்டவணைகளும் ஆய்வேட்டின் உள்ளேயே இருக்கட்டும்.