உவர்மலையில் ஒரு சின்ன ரீவி நிலையம்: செய்து பார்த்த அனுபவம்

திருக்கோணமலை உவர்மலையில் உள்ள எங்கள் வீட்டில் இரண்டு மாதமாக ஓய்வு நேரங்களில் செய்துவந்த வேலை இது. ஒரு சின்ன ரீவி நிலையம் எப்படி இயங்கியிருக்கும் என்பதை என் கையால் செய்து விளங்கிக்கொள்ள வேண்டும் என்று வெகுநாள் ஆசை.

ஆசைக்குக் காரணம் ஐ.ரி.என் (ITN) என்ற ரீவி நிலையம். இலங்கையில் முதன்முதலாக ரீவிப் படம் ஒளிபரப்பானது 1979 ஏப்ரல் 13ஆம் திகதி, புத்தாண்டு நேரத்தில். அதைத் தொடங்கியது அரசாங்கம் அல்ல. ஷான் விக்கிரமசிங்க, அனில் விஜேவர்தன போன்ற சிலர் சேர்ந்து பன்னிப்பிட்டியில் ஒரு தோட்டத்தில் வைத்துத் தொடங்கினார்கள். கொழும்பும் அதன் சுற்றுப்புறமும் மட்டும்தான் பார்க்க முடிந்தது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஜூன் 5ஆம் திகதி அரசாங்கம் அதைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. அந்த இரண்டு மாதத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பூரிக்கும். ஒரு நாட்டின் முதல் ரீவியை நாலைந்து பேர் சேர்ந்து நடத்திக் காட்டியிருக்கிறார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எதையும் காற்றில் விடவில்லை. அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஒளிபரப்புவது சட்டப்படி குற்றம், மற்றவர்களின் அலைவரிசைக்கும் இடைஞ்சல். என் நிலையம் முழுக்க கேபிளுக்குள்ளேதான் ஓடுகிறது.

முதலில் ரீவி. மாமா வீட்டுப் பரணில் கிடந்த 14 அங்குலக் கறுப்பு வெள்ளைப் பெட்டி. கடற்கரை ஊரில் உலோகம் நிலைக்காது என்பது தெரிந்ததுதானே. சனல் திருப்பும் குமிழுக்குள் உப்புக்காற்று பட்டுப் பச்சை பிடித்திருந்தது. துப்புரவாக்கி, வீங்கியிருந்த மூன்று கப்பாசிற்றர்களை மாற்றியதும் திரையில் வெள்ளைப் புள்ளிகள் கொதித்தன. ரீவி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

நிலையத்தின் வேலையைச் செய்வது பழைய வீடியோ டெக். ரீவியோடு பொருத்துவதற்காக பெரும்பாலான டெக்குகளின் பின்னால் மொடியுலேற்றர் என்று ஒரு சின்னத் தகரப்பெட்டி இருக்கும். படத்தையும் சத்தத்தையும் ஓர் அலைவரிசையில் ஏற்றி அனுப்புவது அதுதான். ஒரு நிலையத்தின் இதயமும் இதே வேலையைத்தான் செய்கிறது. என்னிடம் இருப்பது லண்டனில் இருந்து சித்தப்பா கொண்டுவந்த டெக். சனல் 36இல் தேடினேன், படம் பளிச்சென்று வந்தது. சத்தம் மட்டும் வரவில்லை, வெறும் இரைச்சல்.

இதோடு நாலு நாள் போனது. டெக்கின் ஹெட், கசெற், வயர் எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் ரீவி திருத்தும் ஐயா ஒருவரிடம் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, “தம்பி, டெக் எந்த நாட்டுச் சாமான்?” அதில் விடை இருந்தது. பிரித்தானிய முறையில் சத்தம் படத்துக்கு 6 மெகாஹேர்ட்ஸ் மேலே இருக்கும். எங்கள் ரீவிகள் அதை 5.5 மெகாஹேர்ட்ஸில் தேடும். இரண்டும் பால் (PAL) என்ற ஒரே வண்ணப்பட முறைதான், 625 கோடுகள்தான், ஆனாலும் இந்த அரை மெகாஹேர்ட்ஸ் சத்தத்தை விழுங்கிவிடுகிறது. மொடியுலேற்றருக்குள் ஒரு சுருள் இருக்கிறது, அதன் நடுவில் திருகக்கூடிய ஃபெரைற் துண்டு. அதை உள்ளே திருகினால் அலைவெண் குறையும். இரும்புத் திருகாணிச் சாவியை வைத்தால் இரும்பே சுருளின் தன்மையை மாற்றிவிடும், அதனால் பிளாஸ்டிக் பேனை ஒன்றைச் சீவித் திருகினேன். இரைச்சல் மெல்ல மெல்ல ஒடுங்கி, கல்யாணவீட்டு நாதஸ்வரம் கேட்டது. அந்த நிமிடத்தை மறக்க மாட்டேன்.

அடுத்தது தூரம். பின்வளவைத் தாண்டி இருக்கும் பெரியம்மா வீட்டுக்கு 40 மீற்றர் கேபிள் இழுத்தேன். படம் மழை பெய்வதுபோல் வந்தது. அந்தத் தூரத்துக்குள் சக்தி ஆறில் ஒரு பங்காகிவிடுகிறது, போதாததற்கு நடுவில் இரண்டு ரீவிக்குப் பிரிக்கும் பெட்டி வேறு போட்டிருந்தேன். அதைக் கழற்றி, அங்குள்ள பழைய ரீவியின் தட்டை வயர் முனைக்குச் சரியான பலன் (balun) என்ற, இரண்டு வகை வயர்களைப் பொருத்தும் சின்னச் சாமான் ஒன்றைப் போட்டதும் தெளிந்துவிட்டது. 75 ஓம் கேபிளை 300 ஓம் முனையில் அப்படியே முறுக்கிவிட்டால் படத்துக்குப் பக்கத்தில் நிழல் படம் ஒன்று நிற்கும். இது பலர் வீட்டில் நடந்த பிழை.

கேபிளுக்குள் இவ்வளவு பாடு என்றால் காற்றில்? அதைக் கணக்காகத்தான் பார்த்தேன். இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போவதால் சக்தியைவிட உயரம் முக்கியம். மீற்றரில் உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் அடிவானம் எத்தனை கிலோமீற்றர் என்று வரும். இலங்கையின் மிக உயர்ந்த மலையான பீதுருதாலகாலை 2,524 மீற்றர், அடிவானம் சுமார் 207 கிலோமீற்றர். திருக்கோணமலைக்கு அங்கிருந்து நேராக 180 கிலோமீற்றர் அளவில்தான். நடுவில் நக்கிள்ஸ் மலைகள் மறிக்கப் பார்க்கும், அதுவும் உண்மை. 1982 பெப்ரவரி 15இல் அரச ரீவியான ரூபவாஹினி தொடங்கியபோது ஏன் அந்த மலையைத் தேடிப் போனார்கள் என்பது இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. இந்தியாவில் தூர்தர்ஷன் சின்ன ஊர்களுக்கு 100 வாட் நிலையங்களை வைத்தது. பழைய காலத்து மின்குமிழ் ஒன்றின் சக்திதான் அது, ஓர் ஊருக்குப் போதும்.

அப்புறம் கோணேசர் கோயில் நிற்கும் எங்கள் சுவாமிமலைக்கும் கணக்குப் போட்டேன். 100 மீற்றர் உயரம் என்று வைத்தால் அடிவானம் 41 கிலோமீற்றர். கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம் மூதூர், கிண்ணியா, இந்தப் பக்கம் நிலாவெளி, குச்சவெளி எல்லாம் அதற்குள் வந்துவிடுகின்றன. எங்கள் ஊருக்கென்று ஒரு சின்னத் தமிழ் நிலையம் இருந்திருந்தால் கோணேசர் கோயில் திருவிழாவையும் மீன் சந்தை விலையையும் இந்தக் கரை முழுக்கப் பார்த்திருக்கலாம். கணக்கு எழுதிய அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இப்போதைக்குப் பார்வையாளர் பெரியம்மா ஒருவர்தான். தன் கல்யாணக் கசெற்றைப் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறார். நாடாவில் பூஞ்சணம் பிடித்திருக்கிறது, அப்படியே போட்டால் டெக்கின் ஹெட் கெட்டுவிடும். அடுத்த கிழமை அதைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும்.